வீட்டில் வைத்துப் படிக்க வைத்தோம்: இலவசமாகக் கிடைத்ததும் கிடைக்காததும்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கலாமா என்று தெரிந்தவர்கள் அவ்வப்போது கேட்கிறார்கள். ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்ல என்னால் முடிவதில்லை. 2022 ஜூனிலிருந்து மகளை இரண்டு கல்வியாண்டும் மகனை ஒரு கல்வியாண்டும் வீட்டில் வைத்து, இணையத்தில் சும்மா கிடைப்பதைக் கொண்டே படிக்க வைத்தேன். பாடத்துக்குக் குறைவே இல்லை, கொட்டிக் கிடக்கிறது. பாடத்தைத் தவிர மற்ற எதுவும் இலவசமில்லை என்பதைத்தான் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் பல்லடம் பக்கம். வீட்டுக்காரர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங். நான் வேறொரு கம்பெனியில் செக்கிங். 2022-ல் நூல் விலை ஏறிய கதை இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். மே மாதம் இரண்டு நாள் கம்பெனிகளை அடைத்துப் போராட்டமே நடத்தினார்கள். அப்புறம் ஆர்டர் குறைந்தது. ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆனது, சில வாரம் அதுவும் முழுசாக இல்லை. சனிக்கிழமைச் சம்பளம் மளிகைக்கும் வாடகைக்குமே சரியாகப் போயிற்று. மகள் அப்போது ஐந்தாவது முடித்திருந்தாள், மகன் ஒன்றாவது. இரண்டு பேரும் தனியார் பள்ளி. ஃபீஸ், வேன், நோட்டு, யூனிஃபார்ம் எல்லாம் சேர்த்து இருவருக்கும் வருடத்துக்கு 55,000 ரூபாய் சுற்றி வரும். அதில் 23,000 பாக்கி விழுந்துவிட்டது. பாக்கி இருக்கிற பிள்ளைகளின் பெயரை வகுப்பில் படித்து, பரீட்சை அன்று வராந்தாவில் நிற்க வைத்தார்கள். மகள் அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழவில்லை. "அம்மா, நாளைக்கு நான் போகோணுமா?" என்று மட்டும் கேட்டாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அரசுப் பள்ளியில் சேர்த்துவிடலாம் என்று டீசி கேட்கப் போனோம். பாக்கியைக் கட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஆபீஸ் ரூமிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள். மறுபடி மறுபடி போய்ப் பார்த்தும் அதே பதில். அக்கம்பக்கத்தில் விசாரித்தால் எல்லோரும் ஒரே பாட்டு. "டீசி இல்லாம எந்தப் பள்ளிக்கூடத்துலயும் சேத்திக்க மாட்டாங்க அம்மிணி" என்றார் என் மாமனார். சரி, பாக்கியை அடைக்கிற வரைக்கும் வீட்டிலேயே சொல்லிக் கொடுப்போம், போனில்தான் எல்லாம் இருக்கிறதே என்று ஆரம்பித்ததுதான். கொள்கை, மாற்றுக் கல்வி என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. டீசி கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதைப் படிக்கிற ஒருவருக்காவது பயன்படட்டும். 2009-ல் வந்து 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிற கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையை டீசி வரத் தாமதமாகிறது என்று காரணம் காட்டி அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ சேர்க்காமல் விடக் கூடாது என்கிறது. வயதுச் சான்று இல்லை என்றும் திருப்பி அனுப்பக் கூடாது. பிள்ளையின் வயதுக்கு எந்த வகுப்போ அந்த வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும், டீசி ஒன்றும் ஃபீஸ் பாக்கி வசூலிக்கிற கருவி அல்ல என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆக, 2022 ஜூனிலேயே பக்கத்து அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரை நேரில் பார்த்திருந்தால் போதும். அவரைத் தவிர ஊரில் எல்லோரிடமும் யோசனை கேட்டோம்.

சரி, படிப்பு எப்படி நடந்தது என்பதற்கு வருகிறேன். முதல் சிக்கல் பாடம் இல்லை, போன். வீட்டில் இருந்த ஒரே நல்ல போன் காலை எட்டு மணிக்கு வீட்டுக்காரரோடு கம்பெனிக்குப் போய்விடும். அது திரும்பி வரும்போது பிள்ளைகளுக்குத் தூக்கம் வரும். இப்படியே சில வாரம் போன பிறகு, பல்லடத்தில் ஒரு கடையில் பழைய போன் ஒன்றை 3,500 ரூபாய்க்கு வாங்கினேன். அதில் சிம் போடவே இல்லை. இரவு வீட்டுக்காரர் போனில் அன்றைக்கு மிச்சமிருக்கிற டேட்டாவை ஹாட்ஸ்பாட்டில் கொடுத்து, அடுத்த நாளுக்கு வேண்டியதை இறக்கி வைத்துக்கொள்வேன். இதில் இரண்டு லாபம். தனியாக ரீசார்ஜ் செலவு இல்லை. பகலில் நெட் இல்லாததால் பாட வீடியோவில் ஆரம்பித்து கார்ட்டூனில் முடிகிற வேலையும் இல்லை. குறைந்த செலவில் செய்ய நினைப்பவர்களுக்கு நான் சொல்கிற முதல் யோசனை இதுதான்: பிள்ளை கையில் கொடுக்கிற போனில் நெட் இருக்க வேண்டாம்.

பாடப்புத்தகத்தைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டுப் பாடநூல்கள் எல்லா வகுப்புக்கும் பிடிஎஃப் ஆக இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் சின்னத் திரையில் கணக்குப் புத்தகம் படிக்க முடியாது. பிரிண்ட் எடுக்கலாம் என்று ஜெராக்ஸ் கடைக்குப் போனால் பக்கத்துக்கு 2 ரூபாய். 200 பக்கப் புத்தகத்துக்கு 400 ரூபாய் ஆகிறது. அதற்கு அச்சடித்த புத்தகமே மலிவு. அதைவிட மலிவு பழைய பேப்பர் கடை. ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் போனால் போன வருடத்துப் புத்தகங்கள் கட்டுக்கட்டாக வந்து கிடக்கும், எடைக்குத் தருவார்கள். ஆறாம் வகுப்பு ஐந்து பாடமும் அப்படித்தான் எங்களுக்குக் கிடைத்தது. யாரோ ஒரு பையன் ஓரமெல்லாம் கிரிக்கெட் ஸ்கோர் எழுதி வைத்திருந்தான். 2018-லிருந்து வந்த புதிய புத்தகங்களில் பாடத்துக்குப் பாடம் க்யூஆர் கோடு இருக்கிறது. தீக்ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான வீடியோவும் பயிற்சியும் வரும், இறக்கியும் வைத்துக்கொள்ளலாம். 2019-ல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் வகுப்புவாரியாக யூடியூபில் இருக்கின்றன. கணக்குக்கும் அறிவியலுக்கும் அவை நன்றாகவே இருந்தன. சமூக அறிவியலில் ஆசிரியர் புத்தகத்தையே படிப்பது போலப் பல வீடியோ, அதற்கு நாமே உட்கார்ந்து படித்துக் காட்டிவிடலாம்.

மகனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. கொரோனாக் காலத்தில் யூகேஜியும் ஒன்றாவதில் பாதியும் போனிலேயே ஓடிப்போன செட் அவன். அவனுக்குக் கை கொடுத்தது கூகுளின் ரீட் அலாங் என்ற செயலி. பிள்ளை சத்தமாகப் படிக்கப் படிக்கக் கேட்டு, தப்பினால் திருத்தும். தமிழும் உண்டு, ஆங்கிலமும் உண்டு, கதைகளை இறக்கி வைத்தால் நெட் இல்லாமலும் ஓடும். எங்கள் வீட்டில் அதற்கு வந்த சோதனை விசைத்தறி. பக்கத்து வீட்டில் எட்டுத் தறி ஓடுகிறது. அந்தச் சத்தத்தில் அவன் "ஆடு" என்றால் செயலிக்கு ஒன்றுமே கேட்பதில்லை. சரியாகப் படித்தும் தப்பு என்று காட்டினால் பையன் என்ன செய்வான்? போனைக் கட்டிலில் எறிந்துவிட்டுப் போய்விடுவான். கடைசியில் தறி நிற்கிற நேரம் பார்த்துத்தான் பாடம் என்று ஆனது. கரண்ட் போனால் தறி நிற்கும், உடனே "அம்மா, கரண்ட் போயிருச்சு, படிக்கலாம்" என்று ஓடி வருவான். ஊரில் எல்லோரும் மின்வாரியத்தைத் திட்டும்போது எங்கள் வீட்டில் மட்டும் வாசிப்பு வகுப்பு நடக்கும். ஒன்று முதல் மூன்று வகுப்புக்கு அரசு கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் பயிற்சித் தாள்களும் இணையத்தில் கிடைத்தன, அவனுக்கு அவை நல்ல உதவி. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைப் புத்தகங்கள் ஏராளம், அதே கதை ஆங்கிலத்திலும் இருக்கும். ஒரு நாள் தமிழில் படித்ததை மறுநாள் ஆங்கிலத்தில் படிக்க வைப்பேன். கதை தெரிந்துவிட்டதால் ஆங்கிலத்துக்குப் பயப்பட மாட்டான்.

மகளுக்கு அறிவியலில் பிடித்தது கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெட் என்ற தளம். மின்சுற்று, பின்னம், தராசு என்று திரையில் நாமே இழுத்து வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். பலவும் தமிழிலேயே இருக்கின்றன, தனித்தனியாக இறக்கியும் கொள்ளலாம். அதைவிட அவள் கை பழகியது அரவிந்த் குப்தாவின் தளத்தில் பார்த்த பொம்மைகளில். சைக்கிள் வால்வு ட்யூபைத் துண்டு துண்டாக வெட்டி, தீக்குச்சிகளைச் செருகி முக்கோணம், சதுரம், கனசதுரம் செய்கிற வேலை. சைக்கிள் கடையில் வால்வு ட்யூப் கொஞ்சம் காசுக்கே தருவார்கள். முக்கோணத்தை எப்படி அமுக்கினாலும் கோணாது, சதுரம் சாய்ந்துவிடும் என்பதை அவளே கண்டுபிடித்து, பக்கத்து வீட்டுத் தறிக் கூரையின் இரும்புச் சட்டத்தில் ஏன் முக்கோணமாக வைத்திருக்கிறார்கள் என்று அவள் அப்பாருக்கு விளக்கினாள். அவர் கூரையை ஒரு தடவை பார்த்துவிட்டு, "அப்படீங்களா ஆசிரியரம்மா" என்றார்.

ஊர் சுற்றிப் பார்க்கவும் அதிகச் செலவில்லை. 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. எனக்கும் மகளுக்கும் இலவசம், பையனுக்கு மட்டும் டிக்கெட். நூலகத்துக்கு அப்படித்தான் போய் வந்தோம். ஆறாம் வகுப்பு வரலாறு படிக்கும்போது சென்னிமலைப் பக்கம் நொய்யல் கரையில் இருக்கிற கொடுமணலுக்குக் கூட்டிப் போனேன். மணி செய்ததும் இரும்பு உருக்கியதும் அகழாய்வில் கிடைத்த ஊர், பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருகிற ஊர். நேரில் பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை, காடும் மேடும்தான். ஆனால் தண்ணீரைப் பார்த்து "இது நம்ம திருப்பூர் ஆறுதானே?" என்று அவள் கேட்டதும், சாயத் தண்ணீர், அது தேங்கிப் பாழான ஒரத்துப்பாளையம் அணை என்று பேச்சு எங்கெங்கோ போயிற்று. பள்ளிக்கூடத்தில் இருந்திருந்தால் அந்தப் பேச்சு நடந்திருக்காது. இது ஒன்றை மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இனி வரவு செலவுக் கணக்கு. வீடியோவைப் போட்டுவிட்டால் பிள்ளை படித்துவிடும் என்பது நடக்காத காரியம். ஏழு வயதுப் பையனுக்குப் பக்கத்தில் ஆள் உட்கார வேண்டும். பத்து வயதுப் பெண்ணுக்கு உட்கார வேண்டியதில்லை, ஆனால் கூப்பிட்ட நேரத்துக்கு எழுந்து வர வேண்டும். அதனால் நான் கம்பெனியை விட்டேன். அங்கே செக்கிங்கில் வாரத்துக்கு 2,200 ரூபாய் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் பண்டல் வாங்கி வைத்துப் பிசிர் வெட்டிக் கொடுத்தால் வாரம் 1,000 வருவதே பெரிய பாடு. வாரத்துக்கு 1,200 குறைச்சல் என்றால் வருடத்துக்கு 60,000-க்கு மேல் ஆகிறது. அதாவது மிச்சம் பிடித்த பள்ளிக் கட்டணத்தைவிட அதிகம்! இந்தக் கணக்கை இரண்டாவது வருடம்தான் ஒரு நோட்டில் போட்டுப் பார்த்தோம். வீட்டுக்காரர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. "ஃபீஸ் மிச்சம்னு நெனச்சமே" என்று மட்டும் சொன்னார். வீட்டில் ஏற்கெனவே ஒருவர் வேலைக்குப் போகாமல் இருந்தால் இந்தக் கணக்கு வேறு. இரண்டு சம்பளத்தில் ஓடுகிற வீடு என்றால், போன் வாங்குவதற்கு முன்னால் இதைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

இந்த நேரத்தில்தான் சான்றிதழ் பயம் பிடித்தது. என்னதான் படித்தாலும் கையில் காகிதம் இல்லையே. டவுனில் ஒரு சென்டர், ஓபன் ஸ்கூல் என்று பெரிதாக போர்டு. மகளுக்கு ஆறு, ஏழு எதுவும் வேண்டாம், நேராக எட்டாவது சான்றிதழ், அதற்கப்புறம் பத்தாவதும் நாங்களே எழுத வைத்துவிடுவோம் என்றார்கள். 15,000 ரூபாய். நகையை வைத்துக் கட்டினோம். ரசீதில் சென்டர் பெயரும் தொகையும் இருந்தது, என்ன படிப்பு, எந்த வாரியம் என்று எதுவும் இல்லை. மாதங்கள் ஓடின. பதிவு எண் கேட்டால் "வந்துரும்மா" என்ற பதில்தான் வந்தது. சண்டை போட்டு, ஆள் கூட்டிப் போய், 5,000 திரும்பி வந்தது. 10,000 போனது போனதுதான். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. பணம் போனது ஒரு பக்கம், மகளிடம் சான்றிதழ் வரும் என்று நான் சொல்லியிருந்தேன், அது ஒரு பக்கம்.

உண்மை நிலவரம் இதுதான். தேசியத் திறந்தநிலைப் பள்ளி மத்திய அரசு நடத்துவது, சுருக்கமாக என்ஐஓஎஸ். அதில் பத்தாவதுக்குச் சேர 14 வயது முடிந்திருக்க வேண்டும், பன்னிரண்டாவதுக்கு 15. விண்ணப்பம், கட்டணம் எல்லாம் அவர்கள் இணையதளத்திலேயே நேரடியாக முடித்துவிடலாம், நடுவில் ஆளே வேண்டாம். பெண்களுக்குக் கட்டணம் குறைவு. ஐந்து பாடம் எழுத வேண்டும், தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை நடக்கும், ஒவ்வொன்றாக ஐந்து வருடத்துக்குள் முடித்தால் போதும், பத்தாவதைத் தமிழிலும் எழுதலாம். சின்னப் பிள்ளைகளுக்கு மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புக்குச் சமமான நிலைகள் உண்டு, ஆனால் அவை அங்கீகாரம் பெற்ற மையங்கள் வழியாகத்தான். அந்த மையத்தின் பெயர் என்ஐஓஎஸ் தளத்தில் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இது இல்லாமல் நம் மாநிலத்திலேயே வழி இருக்கிறது. அரசுத் தேர்வுகள் இயக்ககம் எட்டாம் வகுப்புக்குத் தனித்தேர்வு நடத்துகிறது. பன்னிரண்டரை வயது முடிந்தவர்கள் நேரடியாக எழுதலாம், கட்டணமும் கொஞ்சம்தான். எட்டாவது தேர்ச்சி இருந்து பதினான்கரை வயதும் முடிந்தால் பத்தாவதும் தனித்தேர்வராக எழுதலாம். ஆனால் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், அதைப் பலர் விட்டுவிட்டுக் கடைசியில் அலைகிறார்கள்.

இனி, நான் சுத்தமாக எதிர்பார்க்காத ஒன்று. எங்கள் பக்கத்தில் பகல் நேரத்தில் ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால், வேலைக்கு வைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைப்பார்கள். அப்படி நினைப்பதில் தப்பும் இல்லை, திருப்பூரில் அதற்கெல்லாம் காரணம் இருக்கிறது. ஒரு நாள் காலை பதினோரு மணி இருக்கும். நடு வீட்டில் டீ ஷர்ட் பண்டல் பிரித்துக் கிடக்கிறது. நான் பிசிர் வெட்டிக்கொண்டே மகளுக்குப் பின்னம் சொல்லிக் கொடுக்கிறேன். ஒரு டஜன் பீஸை எடுத்துப் பிரித்துப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள், மூன்றில் ஒரு பங்கு, நான்கில் ஒரு பங்கு என்று. பையன் குப்பையாகக் கிடந்த நூலை வைத்து விளையாடுகிறான். வாசலில் ஜீப் வந்து நின்றது. யாரோ புகார் சொல்லியிருக்கிறார்கள். வந்தவர்களில் ஒரு அம்மா நேராக மகளிடம், "என்ன வேலை கண்ணு செய்யறே?" என்று கேட்டார். "பின்னம் போட்டுட்டிருக்கேனுங்க" என்றாள் அவள். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆனாலும் விடவில்லை. "மூணுல ரெண்டு பங்கு எடுத்தா எத்தனை பீஸ்?" "எட்டுங்க." அப்புறம் நோட்டெல்லாம் கேட்டார். நல்ல வேளை, நோட்டு இருந்தது. ஆனால் தேதி போட்டிருந்தது பாதியில்தான். பள்ளியில் பெயர் இருக்கிறதா என்றதற்கு என்னிடம் பதில் இல்லை. கை கால் நடுங்கியது எனக்கு. எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள். அன்று சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. "பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாம பனியன் வெட்ட வெச்சிருக்கறா" என்று ஒரு பேச்சு, என் அம்மா வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

2016-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. சொந்தக் குடும்பத் தொழிலில் ஒத்தாசை செய்யலாம், அதுவும் பள்ளி நேரம் போக. பள்ளிக்கே போகாத பிள்ளைக்குப் பள்ளி நேரம் எது என்று யார் முடிவு செய்வது? வீட்டுக் கல்வியைப் பற்றி நம் சட்டத்தில் தனியாக ஒன்றும் இல்லை. பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது, மீறினால் தண்டனை என்று எதுவும் சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் நாம் நிற்கிறோம். அதனால் வீட்டில் பீஸ் வேலையோ தறியோ இருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். வேலை நடக்கிற இடத்தில் பாடம் வேண்டாம், வேறு மூலை பாருங்கள். எல்லா நோட்டிலும் தினமும் தேதி எழுத வையுங்கள். வாரம் ஒரு சின்னப் பரீட்சை வைத்துத் தாளைத் திருத்தி ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். பிறப்புச் சான்று, ஆதார், தடுப்பூசி அட்டை, பழைய பள்ளி மார்க் ஷீட் எல்லாம் அதே ஃபைலில் இருக்கட்டும்.

அந்த விசாரணைக்கு அப்புறம் பள்ளி செல்லாப் பிள்ளைகள் பட்டியலில் எங்கள் வீடும் ஏறியது போலிருக்கிறது. கல்வித் துறையின் வட்டார வள மையத்திலிருந்து ஒரு ஆசிரியை வந்தார். நான் பயந்துபோய் நின்றதைப் பார்த்து, "நான் புடிச்சிட்டுப் போக வரலீங்க, உக்காருங்க" என்றார். எமிஸ் எண் என்பதைப் பற்றி முதன்முதலாக அவர் சொல்லித்தான் தெரியும். தமிழ்நாட்டில் பள்ளியில் படித்த ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த எண் உண்டு. என் பிள்ளைகள் பெயர் இன்னும் அந்தத் தனியார் பள்ளிக் கணக்கிலேயே இருந்தது. அங்கிருந்து பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் வேறு பள்ளி எடுத்துக்கொள்ள முடியும், அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரே இணையத்தில் அதைக் கேட்கலாம் என்றார். அவர் பேசிய வேகத்துக்கு அந்த விஷயம் சீக்கிரமே முடிந்தது. 2023 ஜூனில் மகனை ஒன்றியப் பள்ளியில் மூன்றாவதில் சேர்த்தோம். அவனுக்குக் கூட விளையாட ஆள் வேண்டும், அதுதான் அவனுடைய ஒரே கோரிக்கை. அந்த ஆகஸ்ட் 25-லிருந்து அரசுத் தொடக்கப் பள்ளி எல்லாவற்றுக்கும் காலை உணவுத் திட்டம் வந்தது, பொங்கலும் சாம்பாரும் வீட்டைவிட அங்கேதான் நன்றாக இருக்கிறதாம்.

மகள் வர மாட்டேன் என்றுவிட்டாள். வராந்தாவில் நின்றது அவளுக்குள் ஆறவே இல்லை. இன்னொரு வருடம் வீட்டிலேயே ஏழாவது படித்தாள். 2024 ஜூனில்தான் அவளாகவே சரி என்றாள். அரசு உயர்நிலைப் பள்ளியில் எட்டாவது, வயதுக்கேற்ற வகுப்பு. கணக்கிலும் அறிவியலிலும் அவள் பின்தங்கவே இல்லை. எழுதுவதில்தான் மாட்டிக்கொண்டாள். இரண்டு வருடம் பார்த்ததும் கேட்டதும் செய்ததும்தான் அதிகம், பக்கம் பக்கமாக எழுதிய பழக்கம் இல்லை. முதல் தேர்வில் பாதி நேரத்தில் கை வலித்து, தெரிந்த பதிலையே விட்டுவிட்டு வந்தாள். வீட்டில் படிக்கிற பிள்ளைக்குத் தினமும் ஒரு பக்கமாவது கையால் எழுதுகிற வேலை இருக்க வேண்டும். எந்த வீடியோவும் அதைச் சொல்லித் தராது.

சேர்க்கை அன்று தலைமை ஆசிரியை சொன்னதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய அடி. "ஆறாவதுலயே கூட்டிட்டு வந்திருக்கக் கூடாதுங்களா?" என்றார். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்த பெண்ணுக்குத்தான் கல்லூரி போகும்போது புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். மூன்று வருடப் பட்டப் படிப்புக்கு 36,000 ஆகிறது. மருத்துவச் சேர்க்கையில் 2020-லும் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் 2021-லும் வந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுக்கும் அதே ஆறு முதல் பன்னிரண்டு கணக்குத்தான், அது அரசுப் பள்ளிக்கு மட்டும். என் மகள் ஐந்தாவதோடு தனியார் பள்ளியை விட்டவள். அந்த ஜூனிலேயே அரசுப் பள்ளிக்குப் போயிருந்தால் எல்லாமே அவளுக்கு உண்டு. வீட்டில் படித்த ஆறும் ஏழும் அந்தக் கணக்கில் வராது. போன் 3,500, சென்டரில் 10,000, என் சம்பளம் என்று நான் எழுதி வைத்திருந்த நஷ்டக் கணக்கில் இது வரவே இல்லை. பேருந்தில் திரும்பி வரும்போது மகள் புதுப் பள்ளியின் கிரவுண்டைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள், எனக்குக் காதில் எதுவும் விழவில்லை. மகன் விஷயத்தில் பிரச்சினை இல்லை. அவன் ஆறாவதுக்கு வெகு முன்பே அரசுப் பள்ளியில் சேர்ந்துவிட்டான், பையன்களுக்கும் 2024 ஆகஸ்டில் கோயமுத்தூரில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே 1,000 ரூபாய் இருக்கிறது.

இத்தனைக்கும் பிறகும், தொடக்க வகுப்புப் பிள்ளையை ஒரு வருடம் வீட்டில் வைத்துப் பார்க்கிறேன் என்று யாராவது சொன்னால் நான் தடுக்க மாட்டேன். வீட்டில் ஒரு ஆள் இருந்து, ஃபைல் ஒழுங்காக இருந்தால் செய்யலாம். ஐந்தாவது முடிக்கிற பிள்ளை என்றால் மட்டும், அந்தக் கோடை விடுமுறையிலேயே முடிவெடுத்துவிடுங்கள். கட்டணம் கட்ட முடியாததுதான் காரணம் என்றால் வீட்டுக் கல்வியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பிறப்புச் சான்று, ஆதார், பழைய எமிஸ் எண், டீசி கேட்டுக் கொடுத்த கடிதத்தின் நகல், இவற்றை எடுத்துக்கொண்டு அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரை நேரில் பாருங்கள். தனியார் பள்ளியில் டீசி கேட்பதை வாயால் கேட்காமல், எழுதிக் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள், கையெழுத்துப் போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி அந்த ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் வரை காத்திருக்க வேண்டாம், ஏப்ரலிலேயே போனால் எமிஸ் மாற்றுகிற வேலை பள்ளி திறப்பதற்குள் முடிந்துவிடும், புத்தகமும் சீருடையும் மற்ற பிள்ளைகளோடு சேர்த்தே கிடைத்துவிடும்.